காக்கிச் சட்டையும் கவ்வாத்துக் கத்தியும்

ஹாலிஎல ஒரு சந்தி. பெரகலையிலிருந்து பண்டாரவளையூடாக இறங்கிவரும் வீதியும், பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை ஆகியவற்றைக் கடந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியும் ஈண்டே ஒன்றுகூடுகின்றன. 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய மலையகப் புகையிரதப் பாதையில் கடைசி நிலையத்துக்கு முந்திய நிலையமும் இதுவே. கீழே கடைகள், பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் மக்கள். மேலே, மடிப்பு மடிப்பாக உயரும் சரிவுகளில், தேயிலை. உடுவரை, ரொக்கத்தென்னை, ஊவா கெட்டவளை முதலாய தோட்டங்களின் லயங்களிலிருந்து சந்திக்கு இறங்கிவர ஆகும் நேரத்தைக் கடிகாரங் கொண்டு அளந்துவிடலாம். அதே லயங்களிலிருந்து பொலிஸ் நிலையத்தின் படிவரை உள்ள தூரமோ வேறு வகையானது. அத்தூரத்தை ஆயுள் முழுவதும் கடவாமலே கண்மூடிய முதியோர் பலர்.

“பொலிசுக்குப் போன குடும்பம்” என்பது லயத்துப் பேச்சில் நற்சான்று அன்று. களவு கொடுத்தவன் போனாலும், களவெடுத்தவன் போனாலும், போன குடும்பம் போன குடும்பமே. காக்கிச் சட்டை தோட்டப் பாதையில் தென்பட்டவுடன் விளையாடும் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சார்த்தும் தாய்மாரை இன்றுங் காணலாம். குற்றஞ் செய்தவர் அஞ்சுவது இயல்பு. குற்றத்துக்கு இலக்கானவரும் அஞ்சுவதேன் என்பதே ஆராயத்தக்கது.

அண்மைக் காலத்தில் பொலிஸார் தாமாகவே மலையேறி வருகின்றனர். சிவில் பாதுகாப்புக் குழுக்கள், நடமாடும் சேவைகள், பாடசாலைகளில் போதைப்பொருள் எதிர்ப்பு உரைகள், சிறுவர் மகளிர் பிரிவினரின் விளக்கக் கூட்டங்கள், வீதி ஒழுங்கு வகுப்புகள் எனப் பல பெயர்களில் அவ்வருகை நிகழ்கின்றது. ‘சமூகப் பொலிஸ் சேவை’ என்பது இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர். நோக்கம் நல்லதென்பதில் ஐயமில்லை. எனினும், கூட்டத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் கொழுந்துப் பெண்ணின் மனத்தில் ஏற்கெனவே ஒரு பொலிஸ்காரன் நின்றுகொண்டிருக்கிறான். புதிதாக வருபவர் முதலில் அவனோடுதான் பேசியாகவேண்டும். அவன் யார், எக்காலத்தவன் என்பதை அறியாது நிகழ்த்தப்படும் விளக்கவுரைகள் காற்றிற் கரைவன.

அவன் 1865ஆம் ஆண்டிற் பிறந்தவன். இலங்கையின் பொலிஸ் கட்டளைச் சட்டம் அவ்வாண்டின் 16ஆம் இலக்கச் சட்டமாகும். ஒப்பந்தத்தை முறித்து வேலையை விட்டகலும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்த சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், அதே ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாகும். இரண்டுக்கும் இடையில் ஐந்து இலக்கங்களே. ஒன்றை மனத்திற்கொண்டுதான் மற்றையது இயற்றப்பட்டது என்று வாதிட வேண்டியதில்லை; கோப்பித் தோட்டங்கள் விரிந்துகொண்டிருந்த அக்காலத்தில் ஓர் அரசு எவற்றையெல்லாம் அவசரத் தேவைகளாகக் கருதிற்று என்பதை அவ்வரிசையே சொல்லிவிடுகின்றது. லண்டன் மாநகரில் 1829ஆம் ஆண்டு றொபேட் பீல் அமைத்த பொலிஸ் படை, மக்களின் சம்மதத்தோடு இயங்குவதாகத் தன்னை வருணித்துக்கொண்டது. காலனிகளுக்கு அனுப்பப்பட்ட முன்மாதிரியோ அதுவன்று, கிளர்ச்சியை அடக்கவென அயர்லாந்தில் அமைக்கப்பட்ட ஆயுதப் படையே என வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். தோட்டத் தொழிலாளி அறிந்திருந்தது இரண்டாவதையே.

கடன் தீர்ந்ததென்று தோட்டத்தில் எழுதித்தரும் ‘துண்டு’ இன்றி மறு தோட்டத்தில் வேலை கிடையாது. துண்டின்றி இரவோடிரவாகப் புறப்பட்டவனோ பிடியாணைக்கு உரியவன். துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டால் சிறை என்னும் விதியும் அக்காலத்தை அண்டியே நீங்கிற்று. ஆயினும் இரண்டு தலைமுறைகளுக்கு மேலாகப் பொலிஸ்காரன் என்பவன் ஓடியவனைப் பிடித்துவர வருபவனாகவே இருந்தான். அப்பிம்பத்தை அழிக்க ஒரு சட்டத் திருத்தம் போதியதன்று.

அதன் பின்னரும் காக்கிச் சட்டை மலைக்கு வந்த நாட்கள் மறக்கக்கூடியனவாக இருந்தில. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி, முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். அதே ஆண்டில் பதுளையை அண்டிய வேவஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந் தாங்கிய பொலிஸாரின் ஆயுதங்களைப் பறித்துமிருக்கின்றனர். வேலைநிறுத்த அலை ஈற்றில் பொலிஸ் நடவடிக்கையாலும், ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேலாகத் துண்டித்த பெருவெள்ளத்தாலும் அடங்கிற்று. ஊவாவின் இடதுசாரித் தொழிற்சங்க வரலாற்றிலே இது பெருமைக்குரிய அத்தியாயம். எனினும், பாட்டிமார் வாயிலாக இறங்கிவந்த கதையில் ஆயுதம் பறித்த அந்த ஒரு பொழுது சிறிதாகவும், அதற்குப் பின் வந்த அடி பெரிதாகவுமே நிற்கின்றது. 1977ஆம் ஆண்டு மே மாதத்தில் தலவாக்கலைப் பகுதி டெவன் தோட்டத்தில், காணிச் சுவீகரிப்பை எதிர்த்து நின்றோர் மீதான சூட்டில் சிவனு லெட்சுமணன் வீழ்ந்தார். 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி, ஹாலிஎலவிலிருந்து பஸ்ஸிற் போய்வரக்கூடிய பிந்துனுவெவயில், புனர்வாழ்வு நிலையமொன்றிலே தங்கவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கும்பலொன்றாற் கொல்லப்பட்டனர். காவலுக்கு நின்ற பொலிஸார் பலர் அவ்விடத்தில் இருக்கவே அது நிகழ்ந்தது. 2003இல் பொலிஸார் இருவர் உட்பட ஐவருக்கு மேல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்போடு தண்டனை பெற்ற எவரும் எஞ்சவில்லை.

இவற்றைப் பட்டியலிடுவது பழைய புண்ணைக் கீறுவதாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். நம்பிக்கை கேட்டு வருபவர் எதனிடம் நம்பிக்கை கேட்கிறார் என்பதை அறிந்திருத்தல் நன்று என்பதற்காகவே இவை ஈண்டுக் கூறப்பட்டன.

வரலாறு ஒருபுறமிருக்க, அன்றாடத்தில் தடையாக நிற்பது மொழி. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் ஊவாவின் பொலிஸ் நிலையங்களில் முறைப்பாட்டுப் புத்தகம் சிங்களத்திலேயே நிரம்பிற்று. தமிழில் அழுதுகொண்டு சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக்கொண்ட பின்னர், வாசிக்கத் தெரியாத தாளில் பெருவிரலை அழுத்திவிட்டு வந்தோர் எத்தனையோ பேர். 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஹாலிஎல உள்ளிட்ட பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999ஆம் ஆண்டு நவம்பர் மாத வர்த்தமானியால் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. வர்த்தமானி தமிழ் தெரிந்த எழுத்தரையும் கூடவே அனுப்பிவைப்பதில்லை என்பது பின்னர் தெரிந்த உண்மை.

உண்மையில் சட்டம் இதிற் சற்றுத் தெளிவாகவே பேசுகின்றது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரப்படும் முறைப்பாட்டை அது எம்மொழியில் தரப்பட்டதோ அம்மொழியிலேயே எழுதி, தந்தவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்கின்றது. அவ்வாறு எழுத இயலாதெனில், அவர் விரும்பும் மொழியில் அவரையே எழுதித்தரும்படி கேட்கவேண்டும். அவராலும் எழுத இயலாதெனில், காரணத்தைக் குறித்துக்கொண்டு தேசிய மொழிகளுள் ஒன்றில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் அதனைப் பெயர்த்துச் சொல்லவேண்டும். இந்தப் பிரிவை லயத்துக் கதவுகளில் ஒட்டியிருந்தால் அரை நூற்றாண்டு விளக்கவுரைகளுக்கு அது ஈடாகியிருக்கும். சட்டத்தை மீறாதே என்று மக்களுக்குச் சொல்லும் கூட்டங்கள் பல. சட்டம் பொலிஸாரை என்ன செய்யப் பணித்திருக்கின்றது என்று மக்களுக்குச் சொல்லும் கூட்டங்கள் அரிது.

அடுத்த தடை முகவரி. லயத்தில் வீட்டு இலக்கமில்லாத காம்பராக்களே பெரும்பாலானவை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலேனும் ஏறி, வரும்போது வரும். நீதிமன்ற அழைப்பாணையாயினும், இணக்கசபையின் அறிவித்தலாயினும் இதே வழிதான். தவணை கழிந்த பின் கடிதம் கிடைத்தவனுக்கு அடுத்ததாகக் கிடைப்பது பிடியாணை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டங்கூட 2018இல் திருத்தப்படும்வரை தோட்ட எல்லைக்குள் பிரதேச சபைகள் தம் நிதியைத் தாராளமாகச் செலவிட இடங்கொடுக்கவில்லை. அரசின் வீதியும், தபாலும், விளக்கும் எங்கு நின்றுவிட்டனவோ, அங்கு அரசின் நீதி மட்டும் தடையின்றி நுழைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

கூலிக்கணக்கும் உண்டு. 2024ஆம் ஆண்டில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. முறைப்பாடு கொடுக்க ஒருநாள், விசாரணைக்கு ஒருநாள், நீதவான் நீதிமன்றத்துக்குப் பலநாள். பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. அடிபட்ட பெண் பொலிஸுக்குப் போகாமைக்கு அச்சத்தை மட்டுங் காரணங் கூறுவோர், அவளுடைய செக்றோல் கணக்கைப் பார்த்திரார்.

அவ்வாறாயின் அவள் எங்கே போகிறாள்? தலைவரிடம். தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் லயத்தின் நீதிபதியாகவும் விளங்குவது நெடுநாள் வழக்கம். கோயில் முன்றலிலோ இஸ்தோப்பிலோ கூடிப் பேசி, இருவரையுங் கண்டித்து, “குடும்பம்னா அப்படித்தான்” என்று முடித்துவைப்பார். பல சச்சரவுகள் இவ்வாறு நல்ல முறையில் தீர்ந்துள்ளன என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் ஒவ்வொரு சம்பள நாளிரவும் அதே சுவருக்கு அப்பாலிருந்து அதே கூக்குரல் எழுமாயின், அங்கே தீர்ந்தது யாது? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரே நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். கட்டளை, அடித்தவன் அவ்வில்லத்துள் நுழைதலைப் பன்னிரண்டு மாதம்வரை தடைசெய்யலாம். நல்ல சட்டம். ஆனால் இல்லம் என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அது தோட்டத்தினது, பக்கத்துக் காம்பராவில் அவன் தாய், அதற்கடுத்ததில் அவன் அண்ணன். கட்டளை பெற்ற கணவன் சுவருக்கு அப்பால் குடியேறினால் சட்டம் நிறைவேறியதாகுமா என்பதைக் கொழும்பில் அமர்ந்து சட்டம் வரைந்தோர் எண்ணியிருக்க நியாயமில்லை. இத்தகைய வினாக்களை எதிர்கொள்ளும் விளக்கக் கூட்டமே உண்மையான விளக்கக் கூட்டமாகும்.

பொலிஸாருக்கும் மக்களுக்கும் பாலமமைக்கும் முயற்சி இலங்கைக்கே உரியதன்று. யப்பானில் தெருமுனை தோறும் ‘கோபன்’ எனப்படும் சிறு காவற்கூடங்கள் உண்டு. அயலிலுள்ள வீடுகளுக்குச் சென்று நலம் விசாரித்து வருதலும் அங்குள்ளோரின் கடமை. இன்னும் நெருங்கிய உதாரணமொன்று, மலையகத்தார் பலரின் மூதாதையர் புறப்பட்டுவந்த இராமநாதபுரத்தில் இருக்கின்றது. 1993ஆம் ஆண்டில் அங்குப் பொலிஸ் அத்தியட்சகராகவிருந்த பிரதீப் பிலிப் ‘பிரெண்ட்ஸ் ஒஃப் பொலிஸ்’ என்னும் தொண்டர் அமைப்பைத் தொடக்கினார். அது தமிழ்நாடெங்கும் பரவி, வெளிநாட்டிலும் பாராட்டுப் பெற்றது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸ் காவலின் பின் உயிரிழந்தபோது, அவ்வமைப்பின் தொண்டர் சிலர்மீதும் குற்றச்சாட்டெழுந்தது; அமைப்பு மறுத்தது; ஜூலையில் மாநில அரசு அதனைத் தடைசெய்தது. குற்றச்சாட்டு மெய்யோ பொய்யோ, ஒன்று மட்டும் தெளிவு. பொலிஸாருக்கு நண்பராகும் மக்கள், ஏனைய மக்களுக்கு மற்றொரு பொலிஸாராகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. சிவில் பாதுகாப்புக் குழுவில் எவர் அமர்கின்றனர் என்பது அதனாலேயே சிறிய விடயமன்று. தோட்ட உத்தியோகத்தர், தலைவர், கடை முதலாளி ஆகியோர் மட்டும் அமர்ந்தால், இம்மூவருள் ஒருவர்மீதே முறையிட வேண்டியவள் எவ்விடத்திற் குரலெழுப்புவாள்?

தோட்டத்தை விட்டு வெளியே போன பெண்களின் நிலை இன்னுங் கவலைக்குரியது. வேலைக்கமர்த்துதற்குரிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டமை ஓர் ஆறுதல். ஆனால் 2023 மே மாதத்தில், பதுளையைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண்ணொருவர், வேலைசெய்த வீட்டில் நகை களவுபோனதென்ற முறைப்பாட்டின் பேரில் கொழும்பில் வெலிக்கடைப் பொலிஸாரால் அழைத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அச்செய்தி ஊவாவின் லயங்களில் எத்தனை விளக்கக் கூட்டங்களை ஒரே இரவில் அழித்திருக்கும்!

அதற்குப் பிந்திய ஒரு நாளில், ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் பிள்ளைமடுவத்தில் அத்தகைய கூட்டமொன்று நடந்தது. கொழுந்து நிறுவை முடிந்து, தலைத்துண்டையும் அவிழாமல் வந்தமர்ந்த பெண்கள் அறுபது பேர்வரை இருப்பர். முன்வரிசைக் கதிரைகளில் வழமையானோர். உயரதிகாரி ஒருவர் சிங்களத்தில் பத்து நிமிடம் மிக நயமாகப் பேசினார். மொழிபெயர்க்க நிறுத்தப்பட்ட இளைஞன் அனைத்தையுங் கேட்டுவிட்டு, “கசிப்புக் குடிக்கக் கூடாதுன்னு சொல்றாரு” என்றான். பெண்கள் சிரித்தனர், அதிகாரியும், தம் பேச்சு இரசிக்கப்பட்டதெனக் கருதிச் சிரித்தார்.

பின்னர் எழுந்தவள் சிறுவர் மகளிர் பிரிவைச் சேர்ந்த பெண் கான்ஸ்டபிள். கிழக்கு மாகாணத் தமிழ் அவளுடையது. சிறுவர் பற்றி முறையிட 1929, பெண்கள் தொடர்பில் 1938, பொலிஸ் அவசர அழைப்புக்கு 119 என்று இலக்கங்களைக் கூறி, முன்னாலிருந்த பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லப் பணித்தாள். பிள்ளைகள் வாய்ப்பாடு போல் ஒப்பித்தனர். கேள்வி இருந்தாற் கேட்கலாம் என்றபோது ஒருவரும் அசையவில்லை. கடைசியில், சுவரோரம் குந்தியிருந்த கிழவியொருத்தி கையை உயர்த்தாமலே பேசினாள்.

“ஏம்மா, நாங்க சொல்றத நீங்க எழுதுறீங்களே, அத எங்களுக்குப் படிச்சுக் காட்டுவீங்களா?”

“காட்டத்தான் வேணும் அம்மா. அது சட்டம்.”

“அப்படியா? எம்மகன் செத்தப்ப ஒரு டேசன்ல கைநாட்டு வாங்குனாங்க. பதினோரு வருசமாச்சு. அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதும்மா.”

எந்த நிலையம் என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். கிழவி சொல்லவில்லை. பெண் கான்ஸ்டபிள் அக்கேள்வியை வற்புறுத்தவுமில்லை. அவள் கிழவியின் அருகே சென்று தரையில் அமர்ந்து, அந்த 109ஆம் பிரிவு சொல்வதை, பிரிவின் இலக்கத்தைக் கூறாமலே, மூன்று முறை வெவ்வேறு சொற்களில் எடுத்துரைத்தாள். உங்கள் மொழியில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதென்றால் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்கும்வரை கைநாட்டு வைக்காதீர்கள். கூட்டத்தில் அதுவரை இருந்த அமைதியும் அப்போது விளைந்த அமைதியும் ஒன்றல்ல. தலைவர் தொண்டையைச் செருமினார். உயரதிகாரி, என்ன பேசப்படுகின்றது என்று இளைஞனிடம் வினவினார். அவனுக்கு இம்முறை சுருக்கிச் சொல்ல இயலவில்லை.

தேநீர் வழங்கப்பட்டதும் முன்வரிசை எழுந்து காரியாலயப் பக்கம் சென்றது. அதன் பின்னரே பெண்கள் நகர்ந்தனர். ஒருத்தி, பின் மற்றொருத்தி, பிள்ளைமடுவத்தின் பின்புறத் திண்ணையில் அமர்ந்திருந்த பெண் கான்ஸ்டபிளைச் சூழ்ந்தனர். ஒருத்தி கொழும்பில் வேலைசெய்யும் மகளிடமிருந்து இரண்டு மாதமாகத் தொலைபேசி வரவில்லை என்றாள். ஒருத்தி கையிலிருந்த கடிதத்தை நீட்டினாள். சென்ற மாதத்துத் தவணைக்கான இணக்கசபை அறிவித்தல் அது. ஒருத்தி எதுவும் பேசாது சட்டைக் கையை மேலே உயர்த்திக் காட்டினாள். பெண் கான்ஸ்டபிள் ஒவ்வொன்றையும் குறிப்புப் புத்தகத்தில் தமிழில் எழுதி, எழுதியதைத் தாழ்ந்த குரலில் வாசித்து, “சரிதானா அக்கா?” என்று கேட்டு, அதன்பின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அவ்வாறு வாசிக்கையில், தாம் சொன்னதையே பிறர் வாயிலாகக் கேட்ட பெண்களுள் இருவர், “இல்ல, அது அப்படியில்ல” என்று திருத்தியுஞ் சொன்னார்கள்.

மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. கீழே பாதையில் ஜீப்பின் சாரதி இரண்டு முறை ஒலியெழுப்பினான். இன்னும் ஐந்து பேர் நின்றனர். அவள் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதில் அந்த ஐவரின் பெயர்களையும் லயத்து இலக்கத்தையும் மட்டும் எழுதிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை தான் நிலையத்தில் இருக்கும் நேரத்தைச் சொன்னாள். செவ்வாய் கொழுந்து நாள் என்றார்கள். அப்படியானால் மூன்றரைக்குப் பின் வரும்படி சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினாள்.